பதினாலைக் கழித்துக்கொள்ளலாம்

“நீங்க பாத்தா நாங்க பாத்த மாதிரிதானுங்க டீச்சர்.”

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு உச்சந்தலை எரிகிறது. சொல்பவர் மேல் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் இது மரியாதை. எதிரில் இருப்பவர் எண்ணுவதைத் தானும் குனிந்து எண்ணிப் பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் கல்யாண மண்டபத்தில் சீர்த்தட்டை எண்ணினாலும் இதைத்தான் சொல்வார்கள், பேங்க்கில் நகையை எடை போட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வாக்குச்சாவடியில் கட்சி முகவராக உட்காரும் ஆள் மட்டும் இதைச் சொல்லக் கூடாது. அவரைக் கட்சி அங்கே அனுப்பியதே என்னைச் சந்தேகப்படத்தான். மெஷினுக்கு அத்தனை சீல், சீலுக்கு நம்பர், நம்பருக்குக் கையெழுத்து, எல்லாம் யாராவது ஒருவர் என்னைச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்காக. அவர்களோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, “சாப்பிட்டீங்களா டீச்சர்” என்று விசாரிப்பார்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். வீடு கோயம்புத்தூரில். வேலையில் சேர்ந்த புதிதில் காகித வாக்குச்சீட்டை மடித்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். கடைசி சில தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். போன தேர்தல்தான் எனக்குக் கடைசித் தேர்தல். அன்று காலையில் ஒவ்வொரு முகவரையும் எழுப்பி, மெஷினுக்கு முன்னால் குனிய வைத்து, அதில் தெரியும் பூஜ்யத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். ஒருவர் சிரித்துக்கொண்டே அந்த மரியாதை வாக்கியத்தைச் சொன்னார். “நான் பாத்தா நான் பாத்த மாதிரிதான். நீங்க உங்க கண்ணுல பாருங்க” என்று கத்திவிட்டேன். வெளியே போய், “அந்த டீச்சரு சும்மாவே சள்ளுனு உழுகறாங்க” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்கு முந்தின தேர்தலில் நான் இப்படிக் கத்தியிருந்தால், சோமனூர்ப் பக்கத்தில் ஒரு மனிதர் இன்றும் தன் ஊரில் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருப்பார்.

அன்று எனக்கு விழுந்த பூத் ஒரு ஊராட்சிப் பள்ளி. சுற்றிலும் விசைத்தறிகள். முந்தின நாள் மெஷின்களோடு போய் இறங்கியபோதே காற்றில் தறிச் சத்தம்தான். ஓட்டு நாளன்று மட்டும் லீவு விடுவார்கள் என்று நினைத்தேன். பாதித் தறிகள் அன்றும் ஓடின.

மெஷின் என்று நாம் சொல்வது மூன்று பெட்டிகள். ஒன்று வாக்காளர் பட்டனை அமுக்குவது. ஒன்று எங்கள் மேஜையில் இருந்து ஓட்டை எண்ணிக்கொள்வது. மூன்றாவதில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அமுக்கிய சின்னம் ஒரு சிறு காகிதச் சீட்டில் அச்சாகி, ஜன்னலில் ஏழு விநாடி தெரிந்துவிட்டு, உள்ளே பூட்டிய பெட்டிக்குள் விழும். பின்னால் யாராவது மெஷின் பொய் சொல்கிறது என்றால் அந்தச் சீட்டுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு மணிக்கு ஓட்டு ஆரம்பம். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால், முகவர்கள் கண்ணெதிரே ஐம்பது மாதிரி ஓட்டுகளைப் போட்டுக் காட்ட வேண்டும். மெஷினின் எண்ணிக்கையையும் சீட்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு ‘கிளியர்’ பட்டனை அமுக்கி அந்த ஐம்பதையும் அழித்துவிட்டு, சீட்டுகளை எடுத்துப் பின்பக்கம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட வேண்டும். நான் அன்று ஒன்று விடாமல் செய்தேன். நாலு முகவர்கள் இருந்தார்கள். ஐம்பதும் சரி. அழித்தேன். பூஜ்யம் காட்டினேன். ‘மாதிரி ஓட்டுகள் அழிக்கப்பட்டதை முகவர்கள் பார்த்தனர்’ என்ற சான்றிதழில் கையெழுத்து வாங்கினேன். அதுவரை நடந்ததைப் படம் பிடித்துப் பயிற்சி வகுப்பில் போட்டுக் காட்டியிருக்கலாம். எனக்கே என்னைப் பற்றி ஒரு மிதப்பு வந்துவிட்டது.

ஆறரை மணிக்கு மேல் ஐந்தாவது முகவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். சலவைச் சட்டை, ஆனால் புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. எட்டுத் தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். அதே கட்சிக்கு, அதே பள்ளியில், முப்பது வருஷமாக முகவராக உட்காருபவர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தறிச் சத்தத்தில் காது பாதி போயிருந்தது, அதனால் சத்தமாகப் பேசினார்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர். தறிக்கு ஆள் வரலீங்க. நானே நின்னு ஓட்டிப்போட்டு வாரேன்.”

“முடிஞ்சுதுங்ணா. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று சான்றிதழை நீட்டினேன்.

அவருக்கு எதிர்க்கட்சி முகவர்தான் குறுக்கே வந்தார். “அண்ணனுக்கும் ஒருக்கா காட்டிப்போடுங்க டீச்சர். பாவம், ஓடி வந்திருக்காரு.”

“அதெல்லாம் வேண்டாமுங்க” என்றார் இவர். “நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதானுங்க.”

இந்த இடத்தை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் வேலையின் சுத்தத்தை ஐந்தாவது ஆளும் பார்க்கட்டும் என்ற ஆசை. “ரெண்டு நிமிசந்தானுங்ணா, வாங்க” என்று அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

ஆறு வேட்பாளர்கள், ‘யாருக்கும் இல்லை’ ஒன்று. ஏழு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை அவரையே அமுக்கச் சொன்னேன். பதினாலு ஓட்டு. அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடுகிறவரைப் போல நிதானமாக அமுக்கினார். ஒவ்வொரு முறையும் ஜன்னலில் சீட்டு தெரிந்து விழும்வரை பார்த்தார். பெட்டியைத் திறந்து பதினாலு சீட்டையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். பெஞ்சின் மேல் இரண்டு இரண்டாக அடுக்கினார். “சரியா இருக்குதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார். முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, உறையை ஒட்டினேன்.

அப்போது மணி ஆறு ஐம்பது. வெளியே வரிசை சத்தம் போட ஆரம்பித்திருந்தது. மை பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டு வரவில்லை என்று என் உதவி அலுவலர் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். மண்டல அலுவலர் போனில், “ஆரம்பிச்சாச்சா” என்றார். நான் மெஷினுக்குப் பச்சைக் காகிதச் சீலை வைத்தேன், ஐந்து பேரிடமும் அதில் கையெழுத்து வாங்கினேன், அட்டையைக் கட்டினேன், அரக்கு வைத்தேன்.

பதினாலை அழிக்கவில்லை.

அழித்தாகிவிட்டது என்று என் மனசு சொன்னது. அது ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஐம்பதை அழித்தது. சான்றிதழும் அப்போதே தயார், அவரும் அதில் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். சீல் வைக்குமுன் இன்னொரு முறை பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். அதையும் முதலிலேயே காட்டிவிட்டோமே என்று விட்டுவிட்டேன். ஐந்து பேர் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு முதல் நிலவரம் அனுப்ப வேண்டும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் நூற்று முப்பத்தொன்று. மெஷினில் மொத்தம் நூற்று நாற்பத்தைந்து.

கணக்கு டீச்சருக்கு அந்த வித்தியாசம் என்ன என்று கண்டுபிடிக்க ஒரு விநாடிகூட ஆகவில்லை. பதிவேட்டை முதலிலிருந்து மறுபடி எண்ணினேன், அதே எண்தான். சீல் வைத்தாகிவிட்டது, இனி அதை உடைக்காமல் எதையும் அழிக்க முடியாது. நூற்று முப்பத்தொரு பேரின் ஓட்டும் பதினாலு பொய் ஓட்டும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கின்றன.

உடனே மேலே சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். மெமோ வரும், சஸ்பென்ஷன்கூட வரலாம். பேப்பரில் வரும். நான் முகவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாக, நடந்ததைச் சொன்னேன். தாமதமாக வந்தவர்தான் பேசினார்.

“இதுக்குப் போயி ஏனுங்க டீச்சர் மூஞ்சி வாடறீங்க. பதினாலக் கழிச்சுக்கலாமுங்க.”

மற்ற நாலு பேர் முகத்திலும் உடனே ஒரு தெளிவு வந்தது. “ஆமாங்க, கழிச்சுக்கலாம்” என்றார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அந்த ஊரில் அப்படியில்லை. தறியில் நெய்த துணியைக் காட்டும் மீட்டரை, ஷிப்ட் மாறும்போது யாரும் பூஜ்யமாக்க மாட்டார்கள். முதல் ஆள் விட்ட எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு, அடுத்த ஆள் மேலே ஓட்டிக்கொண்டு போவார். கடைசியில் கழித்துக்கொள்வார்கள். அதில் சண்டை வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. ஐந்து பேரும் அப்படிக் கழித்தே வளர்ந்தவர்கள்.

எனக்கும் அது கணக்காகச் சரியாக இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: மெஷினில் ஒவ்வொரு பட்டனிலும் இரண்டு வீதம் பதினாலு மாதிரி ஓட்டுகள் உள்ளன, அவற்றைக் கழித்துக்கொள்ள முகவர்கள் அனைவரும் சம்மதம். அவர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பெரிய, வளைந்த கையெழுத்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு மணிக்கு மண்டல அலுவலர் வந்து, இளநீர் குடித்துவிட்டு, “பிரச்சினை ஒண்ணுமில்லையே” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் ஐந்து பேரும் ஒன்றாக, “எல்லாஞ் சரிங்க” என்றார்கள். நான் நன்றியோடு அவர்களைப் பார்த்தேன். என்னை அவர்கள் கைப்பிடித்து எங்கே அழைத்துப் போகிறார்கள் என்று அப்போது தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை.

எண்ணும் நாளில் நான் அங்கே இல்லை. போனில் செய்தி வந்தது. எங்கள் பூத்தின் மெஷின் காட்டியதும் பதிவேட்டு எண்ணும் ஒத்துவரவில்லை என்று அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். வெள்ளைத்தாளைப் பார்த்த அதிகாரி, “இது எந்தப் படிவம்” என்று கேட்டாராம். அது எந்தப் படிவமும் இல்லை. தொகுதி முழுக்க எண்ணி முடித்தபோது, ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் எங்கள் பூத்தின் மொத்த ஓட்டைவிடக் குறைவு. அதனால் பூட்டிய பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதாகிவிட்டது. ஒரு தொகுதியே என் பெட்டிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் முழுவதும் நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். பதினாலு சீட்டையும் எடுத்தேனா, ஒன்றாவது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்குமா என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். அவர் பெஞ்சின் மேல் இரண்டு இரண்டாக அடுக்கியது ஞாபகம் வந்தபோதுதான் மூச்சு வந்தது.

சீட்டுகள் சரியாக இருந்தன. பதிவேட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. யாருடைய ஓட்டும் கெட்டுப்போகவில்லை. மெஷினில் தெரிந்ததிலிருந்து கழித்துப் பார்த்தாலும் அதேதான் வந்திருக்கும். அவர் கட்சி வேட்பாளர் தோற்றார். நியாயமாகத்தான் தோற்றார்.

மறுநாள் அந்த வெள்ளைத்தாளின் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவர் கையெழுத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். ‘பதினாலு ஓட்டு. நம்ம ஆளே கையெழுத்து’ என்று கீழே எழுதியிருந்தது. சீட்டு எண்ணினார்கள், சரியாக வந்தது என்பதை ஒருவரும் அனுப்பவில்லை. அதை அனுப்பினால் யார் படிக்கப்போகிறார்கள்.

எனக்கு மெமோ வந்தது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். பள்ளியில் ஒரு சீனியர் ஆசிரியர் இருந்தார், சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர், இந்த மாதிரி விளக்கங்கள் எழுதுவதில் கை தேர்ந்தவர். “முகவர் கேட்டாரு, அதனாலதான் மறுபடி போட்டேன்னு ஒரு வரி சேத்துக்குங்க டீச்சர். அவருக்கு என்ன, வேலையா போயிரப்போகுது” என்றார். நான் எழுதினேன்: ‘தாமதமாக வந்த முகவர் வற்புறுத்திக் கேட்டுக்கொண்டதற்கிணங்க மீண்டும் மாதிரி வாக்குப்பதிவு செய்யப்பட்டது.’ அந்த சீனியர் சொன்னதில் ‘வற்புறுத்தி’ இல்லை. அந்த வார்த்தையை நான்தான் சேர்த்தேன். நான் எழுதியதில் அது ஒன்றுதான் எனக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது.

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. அந்த முகவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அதே சலவைச் சட்டை. விசாரணை அதிகாரி என் விளக்கத்தைச் சத்தமாக வாசித்தார், அவருக்குக் காது கேட்காது என்று அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். “நீங்க வற்புறுத்திக் கேட்டீங்களா” என்றார். நான் தரையில் உடைந்திருந்த ஒரு டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். அது மட்டும் தெரிந்தது.

“ஆமாங்க” என்றார். “நானுதானுங்க கேட்டேன்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும், வராந்தாவில் நின்று, “பஸ்சுக்குப் போறீங்களா டீச்சர், வண்டி ஏதாச்சும் இருக்குதுங்களா? வெயில் கொளுத்துதுங்க” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

எனக்குக் கண்டிப்பு மட்டும் வந்தது. பணிப்பதிவேட்டில் ஒரு வரி. அத்தோடு முடிந்தது. அவருக்கு முடியவில்லை. எங்கள் பள்ளி எழுத்தர் அந்த ஊர்க்காரர். அவர் வந்து வந்து சொல்வார், நான் கேட்காமலே. முகவரின் கட்சிக்காரர்கள் நடந்ததையெல்லாம் வரிசையாகக் கோத்துவிட்டார்களாம். வேண்டுமென்றே லேட்டாக வந்தான். இரண்டாம் தடவை போடச் சொல்லி அடம் பிடித்தான், அதிகாரி முன்னால் அவனே ஒத்துக்கொண்டான். கழிச்சுக்கலாம் என்று முதலில் சொன்னவன் அவன். கையெழுத்தும் முதல் கையெழுத்து. விலை போய்விட்டான். முப்பது வருஷமாக உட்கார்ந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறதாம். கட்சிக் கொடி ஏற்றும் அன்றைக்கு அவர் போய் நின்றிருக்கிறார். கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டியபோது ஒருவர், “நீங்க அக்கட்டால நில்லுங்க” என்றாராம். மரியாதை விடாமல், ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார்களாம். எழுத்தர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அன்று முழுக்க வகுப்பில் கை ஓடவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்கள். கோயிலில் ஃபாதரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். வற்புறுத்தி என்ற வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். ஃபாதர் சின்ன வயசுக்காரர். “இதை அவர்ட்ட சொன்னீங்களாம்மா” என்றார். இல்லை என்றேன். “முதல்ல அங்க போங்க” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்குத்தானே உங்களிடம் வந்தேன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எழுந்து வந்தேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

தறிக்கொட்டகைக்குள் நுழைந்தால் பேசவே முடியாது. எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒருவர்தான் நின்றார், மேலெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். “வாங்க டீச்சர்” என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான், “மன்னிச்சுக்குங்ணா” என்றேன். கேட்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக் காட்டினார். மறுபடி கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. மன்னிப்பைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்றால் எப்படி முடியும்.

அவர் போய் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார். எட்டையும் நிறுத்தினார். பாதியில் நிறுத்தினால் துணியில் கோடு விழுந்துவிடும், அதை வாங்குகிறவர்கள் தள்ளிவிடுவார்கள் என்று எழுத்தர் சொல்லி எனக்குத் தெரியும்.

“நிறுத்த வேண்டாமுங்ணா” என்றேன்.

“இருக்கட்டுங்க. ஊடு தேடி வந்திருக்கீங்க.”

நான் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், நான்தான் கேட்கவில்லை. பொய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிளியர் பட்டனை அமுக்காமல் விட்டது என் தப்பு, ஐந்து பேருக்கும் தெரியாமல் போனது என் தப்பு. இந்த இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தெரியாம இல்லீங்க டீச்சர். நான் பாத்தேனுங்க.”

எனக்குப் புரியவில்லை.

“சீட்ட எடுத்து உறையில போட்டீங்க. அப்பறம் அந்தக் கடைசிப் பட்டன அமுக்காமயே பச்சைச் சீல் வெச்சீங்க. எத்தன எலக்சன் உக்காந்திருக்கறனுங்க, தெரியாதுங்களா.”

“ஏனுங்ணா சொல்லல?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “எனக்காகத்தானுங்களே மறுக்கா போட்டுக் காட்டுனீங்க. மெனக்கெட்டுச் செய்யறவங்ககிட்டப் போயி, இதச் செய்யலீங்களேன்னு நாலு பேரு முன்னால நொட்டை சொல்றதுங்களா? டீச்சருக்குத் தெரியாததா, எதோ ஒரு கணக்கா இருக்கும்னு உட்டுப்போட்டேன். ஒன்பது மணிக்கு நீங்க வந்து சொன்னப்பத்தான் மறந்துபோட்டீங்கன்னு தெரிஞ்சுதுங்க. அதுக்குத்தான் கழிச்சுக்கலாம்னு சொன்னேன். என்ற தப்பும் அதுல பாதி இருக்குதுங்களே.”

தறி நின்ற கொட்டகையில் அவர் குரல் அளவுக்கு மீறிச் சத்தமாகக் கேட்டது. அத்தனை சீலும் அரக்கும் நம்பரும் பார்க்காததை இந்த மனிதர் பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

“சரி, விசாரணையிலயாவது சொல்லியிருக்கலாமேங்ணா. நான் எழுதுனது பொய்யின்னு.”

“நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களே டீச்சர். பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க எழுதுனதப் போயி, ஆபீசரு முன்னால பொய்யின்னு நான் எப்படிங்க சொல்றது?” கோபமே இல்லாமல் சொன்னார். அவர் என்னை நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“நாளைக்கே எழுதிக் குடுக்கறேனுங்ணா. நீங்க கேக்கலேன்னு, நான்தான் போட்டேன்னு.”

“உங்களுக்கு ரிட்டயர்டு ஆவ எத்தன வருசமுங்க?”

“நாலு.”

“அப்பறம் ஏனுங்க. நான் ஆமான்னு கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப மாத்துனா நம்ம ரெண்டு பேரும் பொய்யின்னு ஆயிரும். உட்டுப்போடுங்க. காப்பித்தண்ணி வெக்கச் சொல்லட்டுங்களா?”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன அந்த நொடியில் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. எழுதிக் கொடுக்கிறேன் என்று நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. பூத்தில் அவர் வேண்டாம் என்றபோது கேட்காமல் மேலே செய்தவள், கொட்டகையில் அவர் வேண்டாம் என்றதும் உடனே கேட்டுக்கொண்டேன். காப்பி குடித்தேன். அவர் எட்டுத் தறிகளையும் மறுபடி ஓட்டிவிட்டுப் பாதை வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். பென்ஷன் வருகிறது. இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்கப்போவதில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தி இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு தாளில் எழுதினேன், பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், அங்கேயே இருக்கிறது.

போன தேர்தலில், நான் வேறு ஒரு ஊரில் முகவர்களைக் குனிய வைத்துப் பூஜ்யத்தை வாசிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த அன்று, அவர் ஓட்டுப் போடவே போகவில்லையாம். எழுத்தர்தான் சொன்னார். கட்சிக்காரர் ஒருவர் சாயங்காலம் கொட்டகைக்கே போய், “ஏனுங்க வரல” என்று கேட்டிருக்கிறார்.

“மன்னிச்சுக்குங்க, தறிக்கு ஆள் வரலீங்க” என்றாராம்.